துளித் துளியாய் ஒரு ஹெலிகாப்டர்

ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும். பேட்டரி, மோட்டார், சர்க்யூட் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஹெலிகாப்டருக்கு ஒரு முகத்தைக் கொடுப்பது அதுதான். அதன் பெயர் கேனபி. பல மாடல்களில் அதை இரண்டு பக்கமும் சின்ன ரப்பர் வளையங்கள் பிடித்திருக்கும். விரலால் லேசாக விரித்து முன்னால் இழுத்தால் கழன்று வந்துவிடும்.

கீறல் விழுந்து வெளுத்துப்போன கேனபிக்குப் புது நிறம் கொடுக்க ஆசையா? ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்ப்ரே கேன் வாங்கி வீட்டிலேயே அடித்துவிடலாம். ஆனால் ஒரே மூச்சில் அடித்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெயிண்ட் வழிந்து கோடு கோடாக இறங்கிவிடும். டிங்கரிங் கடைப் பெயிண்டர் அண்ணனைக் கேளுங்கள், கேனில் அச்சிட்ட குறிப்பைப் படியுங்கள், இரண்டும் ஒன்றைத்தான் சொல்லும்: மெல்லிசாக அடி, காயவிடு, மறுபடியும் மெல்லிசாக அடி.

ஏன் அப்படி? அதைத் தெரிந்துகொள்ள, கேனுக்குள்ளிருந்து கேனபி வரைக்கும் ஒரு பெயிண்ட் துளியோடு கூடவே போய்ப் பார்ப்போம்.

டக் டக் டக்

கேனைக் குலுக்கினால் உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்கும். அது ஒரு சின்னக் குண்டு. பெயிண்டுக்கு நிறம் தருபவை மிக நுண்ணிய தூள்கள். வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைப்போல் நான்கு மடங்கு அடர்த்தி உள்ளது. கடை அலமாரியில் கேன் சும்மா நின்றிருக்கும்போது அந்தத் தூள் அடியில் போய்ப் படிந்துவிடும். அதைக் கிளறிக் கலக்கத்தான் குண்டு. முதலில் சத்தமே வராமல் போகலாம். குண்டு அடிவண்டலில் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். சத்தம் வர ஆரம்பித்த பிறகும் ஒரு நிமிடமாவது விடாமல் குலுக்க வேண்டும்.

கேனில் வேறு என்ன இருக்கிறது? பிளாஸ்டிக்கில் படலமாக ஒட்டிக்கொள்ளும் பிசின். பிசினைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான். எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிற ஒரு பொருள். அந்தத் தள்ளுபொருள் அடைத்துவைத்த காற்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான ஸ்ப்ரே பெயிண்டுகளில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன், டைமெத்தில் ஈதர் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்கள். புரொப்பேனும் பியூட்டேனும் யார் தெரியுமா? உங்கள் வீட்டுச் சமையலறை சிலிண்டரில் இருப்பவர்கள்தான்.

பியூட்டேன் கொதிப்பது சுமார் மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸில். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படியென்றால் நம் ஊர் வெயிலில் இரண்டும் வாயுவாக அல்லவா இருக்க வேண்டும்? அழுத்தத்தில் அடைத்துவைத்திருப்பதால் கேனுக்குள் திரவமாக இருக்கின்றன. திரவத்துக்கு மேலே கொஞ்சம் வாயு. பொத்தானை அழுத்தியதும் அந்த வாயு பெயிண்டைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. வாயு குறைந்த இடத்தை நிரப்பத் திரவம் கொஞ்சம் கொதித்து ஆவியாகிறது. அதனால்தான் முதல் துளிக்கும் கடைசித் துளிக்கும் தள்ளும் வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. வெறும் காற்றை அடைத்திருந்தால் கேன் காலியாக ஆக அழுத்தமும் குறைந்துகொண்டே போயிருக்கும்.

கொஞ்ச நேரம் தொடர்ந்து அடித்தால் கேன் கையில் சில்லென்று ஆகிவிடும். திரவம் ஆவியாவதற்கு உள்ளுறை வெப்பம் தேவை. அதைக் கேனிலிருந்தும் உங்கள் உள்ளங்கையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கேன் குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். சீராக வந்த பெயிண்ட் விட்டுவிட்டுத் தெறிக்கும். ஆகவே சிறிது அடித்துவிட்டுக் கேனுக்கு ஓய்வு கொடுப்பது நல்லது. அடுப்பில் காட்டிச் சூடாக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று கேனிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைப்பதும் ஆபத்து.

கேன் வந்த கதை

திரவ வாயுவால் பொருளைத் தள்ளும் கேன் என்ற யோசனைக்கு 1920களிலேயே காப்புரிமை பெற்றவர் நார்வே பொறியாளர் எரிக் ரோத்தெய்ம். அதில் பெயிண்டை அடைத்தவர் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் சீமோர். ஆண்டு 1949. அலுமினிய நிறப் பெயிண்டை எளிதாகப் பூசிக் காட்ட ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். யோசனை சொன்னவர் அவருடைய மனைவி போனி.

பிறகு பல ஆண்டுகள் கேன்களில் குளோரோஃபுளோரோகார்பன் என்ற வாயுக்களைத் தள்ளுபொருளாகப் பயன்படுத்தினார்கள். அவை தீப்பிடிக்காதவை. ஆனால் வானத்தின் மேலடுக்குக்குப் போய் ஓசோனை அழிக்கும் என்று 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் கண்டு சொன்னார்கள். 1978இல் அமெரிக்கா பெரும்பாலான ஸ்ப்ரே கேன்களில் அவற்றுக்குத் தடை போட்டது. 1987இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. மொலினாவும் ரோலண்டும், ஓசோன் ஆய்வில் முன்னோடியான பால் குருட்சனும் 1995இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஓசோன் தப்பித்தது. பதிலுக்கு வந்த புரொப்பேனும் பியூட்டேனும் குப்பென்று பற்றிக்கொள்பவை. ஸ்ப்ரே அடிக்கும் இடத்தில் அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் எரியக்கூடாது. அந்த விதி இங்கிருந்துதான் வருகிறது.

துளி பறக்கிறது

இப்போது நம் துளி கேனின் மூக்குத் துவாரத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. பெயிண்டோடு கலந்திருந்த திரவ வாயு, அழுத்தம் போனதும் சட்டென்று கொதித்து இருநூறு மடங்குக்கு மேல் விரிகிறது. அந்த வேகத்தில் பெயிண்ட் சிதறிப் புகைபோல நுண்துளிகளாகிறது.

துளி சிறிதானால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போடுவோம். பக்கத்துக்கு 1 செ.மீ. உள்ள ஒரு கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ. அதை ஒவ்வொரு பக்கமும் நூறாக நறுக்கினால் 10 லட்சம் குட்டிக் கனசதுரங்கள் கிடைக்கும். அவற்றின் பரப்பையெல்லாம் கூட்டினால் 600 சதுர செ.மீ. பொருள் அதே அளவுதான், பரப்பு மட்டும் நூறு மடங்கு. ஸ்ப்ரே துளிகளில் பெரும்பாலானவை அந்தக் குட்டிக் கனசதுரத்தைவிடவும் சிறியவை. ஆவியாவது பரப்பில் நடக்கும் வேலை. ஆகவே பறந்து போகும் அந்தக் கண நேரத்திலேயே கரைப்பானில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது.

கேனை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. ரொம்பத் தள்ளிப் பிடித்தால் துளி வழியிலேயே காய்ந்து தூளாகப் போய்ச் சேரும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். ரொம்பக் கிட்டே பிடித்தால் கரைப்பான் முழுவதும் அப்படியே வந்து கொட்டும், பெயிண்ட் வழியும். 20 முதல் 30 செ.மீ. சரியான தூரம். உங்கள் பள்ளி ஸ்கேலின் நீளம்.

பிளாஸ்டிக் பிடித்துக்கொள்ளுமா?

துளி வந்து விழும் இடத்தையும் தயார் செய்ய வேண்டும். அச்சிலிருந்து பிளாஸ்டிக் ஒட்டாமல் கழன்று வர, தொழிற்சாலையில் ஒருவகை எண்ணெய்ப்பசையைத் தடவியிருப்பார்கள். போதாததற்கு நம் விரல் எண்ணெய் வேறு. பாத்திரம் துலக்கும் சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, தண்ணீரை ஓடவிட்டுப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே எண்ணெய் இன்னும் இருக்கிறது. தண்ணீர் ஒட்டாத இடத்தில் பெயிண்டும் சரியாக ஒட்டாது.

அடுத்தது உப்புத்தாள். 600 எண் கொண்ட நயமான தாளைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு மங்கும் வரை மெதுவாகத் தேய்க்க வேண்டும். கொத்தனார் வழவழப்பான கான்கிரீட்டில் சிமெண்ட் பூசுவதற்கு முன்னால் அதைக் கொத்திவிடுவாரே, அதே வேலைதான் இது. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் பெயிண்ட் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் பெயிண்டை ஏற்காது. முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்டிருந்தால் அது பாலிபுரொப்பிலீன். 2 அல்லது 4 என்றால் பாலிஎத்திலீன். இவற்றின் மேற்பரப்பு எதையும் எளிதில் ஒட்டவிடாது. தனியாக அதற்கென்றே உள்ள ப்ரைமர் என்ற அடிப்பூச்சு வேண்டும். கேனபிகளில் அதிகம் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. ஆனால் அதற்கும் ஆபத்து உண்டு. கரைப்பான் கடுமையாக இருந்தால் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் தெர்மோகோலை எப்படி விழுங்குகிறது என்று சிலர் பார்த்திருப்பீர்கள். ஆகவே கேனபியின் உட்புறத்தில், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் முதலில் அடித்துப் பார்க்க வேண்டும்.

கழுவிய பிறகு உலர்ந்த துணியால் பரபரவென்று தேய்க்காதீர்கள். பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, சுற்றியுள்ள தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து நிழலில் காயவிடுங்கள். மொட்டை மாடியில் அடிப்பதாக இருந்தால், வாசல் தெளிப்பதுபோல் தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி அடங்கும்.

மெல்லிசு ஏன் ஜெயிக்கிறது?

துளிகள் விழுந்து ஒன்றோடொன்று சேர்ந்து ஈரப்படலமாகிவிட்டன. இந்த நொடியில் படலத்தை இரண்டு விசைகள் இழுக்கின்றன. ஒன்று பரப்பு இழுவிசை. அது மேடு பள்ளங்களை இழுத்துச் சமப்படுத்தி நமக்கு வழவழப்பைத் தருகிறது. இன்னொன்று புவியீர்ப்பு விசை. அது படலத்தைக் கீழே இழுக்கிறது.

சரிவான பரப்பில் திரவப் படலம் வழியும் வேகம் அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு. வழிந்து இறங்கும் பெயிண்டின் அளவோ எட்டு மடங்கு! மூன்று மடங்கு தடிமனாக அடித்தால்? 27 மடங்கு பெயிண்ட் கீழே இறங்கப் பார்க்கும். போதாக்குறைக்குத் தடிமனான படலம் காய்வதற்கும் அதிக நேரம் எடுக்கும். வழிவதற்கு வேகமும் கிடைத்து, நேரமும் கிடைத்தால் கேட்க வேண்டுமா?

மெல்லிய படலத்தில் நிலைமை தலைகீழ். வழியத் தொடங்குவதற்குள் கரைப்பான் போய்விடும், பெயிண்ட் கெட்டியாகி அங்கேயே நின்றுவிடும். பெயிண்டர் அண்ணன் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

முதல் பூச்சில், அதாவது முதல் ‘கோட்’டில், அடியிலிருக்கும் பழைய நிறம் தெரியத்தான் செய்யும். பொறுமையாக விட்டுவிடுங்கள். 10, 15 நிமிடம் கழித்து இரண்டாவது கோட். பிறகு மூன்றாவது. அடிக்கும்போது கேனபிக்கு வெளியே, வெறும் காற்றில் பொத்தானை அழுத்த ஆரம்பித்து, கேனபியைக் கடந்து போய் வெளியேதான் கையை எடுக்க வேண்டும். பொத்தானை அழுத்தும் நொடியிலும் விடும் நொடியிலும்தான் பெருந்துளிகள் தெறிக்கும். அவை காற்றோடு போகட்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதியை மூடினால் திட்டுத் திட்டாகத் தெரியாது.

இனாமல் வகைப் பெயிண்டில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அது கரைப்பான் போவதால் மட்டும் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. பாதி இறுகிய நிலையில் மேலே அடுத்த கோட் அடித்தால், புதுக் கரைப்பான் அடிப்படலத்தை உப்பவைத்துச் சுருக்கிவிடும். எவ்வளவு நேரத்துக்குள் அடிக்கலாம், தவறினால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேனில் போட்டிருப்பது அதனால்தான்.

மழைக்காலத்தில் அடித்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பீர்கள், மேலே வெள்ளையாகப் புகை படிந்ததுபோல் தெரியும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராவி நுண்துளிகளாகப் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஐப்பசி அடைமழையில் ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள். உச்சி வெயிலும் வேண்டாம். படலம் சமமாவதற்கு முன்பே காய்ந்துவிடும்.

நேர்கோடு போடும் டேப்

கேனபியில் இரண்டு நிறம் வேண்டுமென்றால் மாஸ்கிங் டேப் வேண்டும். இதற்கும் ஒரு கதை உண்டு. 1920களில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்கள் மோஸ்தராக இருந்தன. ஒரு நிறத்தை மறைத்து மறு நிறம் அடிக்கக் கெட்டியான பசைத்தாளை ஒட்டினார்கள். உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்தது. அதைப் பார்த்த 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ, ஒட்டவும் வேண்டும், வலிக்காமல் கழன்றும் வர வேண்டும் என்று முயன்று 1925இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார்.

டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டால் பெயிண்ட் அடியில் கசியாது. முதல் நிறம் நன்றாக இறுகிய பிறகே அதன்மேல் டேப் ஒட்ட வேண்டும். கடைசி கோட் அடித்ததும் பெயிண்ட் முழுதாக இறுகுவதற்கு முன்பே, டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக உரிக்க வேண்டும். இறுகிய பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து பல் பல்லாக வரும்.

உள்ளே அடிக்கும் ரகசியம்

சில கேனபிகள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட்டில் செய்தவை. 1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் என்ற இருவர் தனித்தனியாக உருவாக்கிய பிளாஸ்டிக் இது. அடித்தாலும் எளிதில் உடையாது. இதற்குப் பெயிண்டை உட்புறத்தில் அடிப்பார்கள். ஹெலிகாப்டர் தரையில் மோதிக் கீறல் விழுந்தாலும் விழுவது பிளாஸ்டிக்கில்தான். நிறம் உள்ளே பத்திரமாக இருக்கும்.

ஆனால் வரிசை தலைகீழாக மாறிவிடும். முதலில் அடிக்கும் நிறம்தான் வெளியிலிருந்து முன்னால் தெரியும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களும் இப்படித்தான். கண்ணாடியின் பின்பக்கத்தில் முதலில் நகையும் கண்ணும் வரைந்து, கடைசியில் பின்னணியைப் பூசுவார்கள்.

எடைக்கு ஒரு கணக்கு

பறக்கும் பொருளில் பெயிண்டும் ஒரு சுமை. உங்கள் கேனபியின் பரப்பு 300 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த படலத்தின் தடிமன் 0.005 செ.மீ. பெருக்கினால் 1.5 கன செ.மீ. ஏறக்குறைய 2 கிராம். பெரிய ஹெலிகாப்டருக்கு இது ஒன்றுமில்லை. 50 கிராம் எடையுள்ள குட்டி ஹெலிகாப்டருக்கு நூற்றில் நான்கு பங்கு! அதுவும் முழுக்க மூக்கில் ஏறும் எடை. தடிமனாக அப்பினால் ஹெலிகாப்டர் முன்பக்கம் சாய்ந்து பறக்கும்.

நாசாவே இந்தக் கணக்கைப் போட்டது. விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருள் தொட்டியை 1981இல் நடந்த முதல் இரண்டு பயணங்களுக்கு வெள்ளையடித்தார்கள். 1982இல் மூன்றாவது பயணத்திலிருந்து பெயிண்டையே விட்டுவிட்டார்கள். மிச்சமான எடை சுமார் 270 கிலோ. பிறகு படங்களில் அந்தத் தொட்டி ஆரஞ்சு நிறத்தில் தெரிவது அதனால்தான்.

என்ன நிறம் அடிக்கலாம்?

கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்தின் சாரங் குழு, மயில் வரைந்த துருவ் ஹெலிகாப்டர்களில் சாகசம் காட்டும். அழகுக்கு அப்படி வரையலாம். ஆனால் மாடல் ஹெலிகாப்டருக்கு நிறம் ஓட்டுகிறவருக்கு உதவ வேண்டும். உயரத்தில் போனதும் அது ஒரு நிழலாகத்தான் தெரியும். மூக்கு எது, வால் எது என்று தெரியாவிட்டால் இடமென்று திருப்பினால் வலமாகப் போகும்.

பகல் வெளிச்சத்தில் நம் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை. மஞ்சள் கலந்த பச்சை. சிவப்போ அந்தி மங்கும்போது மற்ற நிறங்களுக்கு முன்பே கறுத்துவிடும். செக் அறிஞர் யான் புர்க்கின்யே இதை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார். ஒளிரும் மஞ்சள், ஒளிரும் ஆரஞ்சுப் பெயிண்டுகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தரும். 1930களில் கலிஃபோர்னியாவில் ராபர்ட், ஜோசப் ஸ்விட்சர் சகோதரர்கள் இந்த வகைப் பெயிண்டுகளை உருவாக்கத் தொடங்கினார்கள். இவற்றுக்கு அடிநிறத்தை மறைக்கும் சக்தி குறைவு. கீழே வெள்ளை அடித்திருந்தால்தான் பளிச்சென்று இருக்கும்.

தொடங்குமுன்

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஸ்ப்ரே கேனைத் தொடக்கூடாது. அறைக்குள் வேண்டாம், காற்றோட்டமான திறந்த இடத்தில், காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வராதபடி நின்று அடியுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அவசியம். வேலை முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை அழுத்துங்கள். குழாயின் வாய் வாயுவில் இருப்பதால் வாயு மட்டும் வந்து துவாரத்தைச் சுத்தம் செய்துவிடும். காலிக் கேனைத் துளைக்கவோ குப்பையோடு கொளுத்தவோ கூடாது.

யோசித்துச் சொல்லுங்கள்

ஒளி ஊடுருவும் கேனபி ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் சிவப்பு உடல், அதன்மேல் மஞ்சள் பட்டை, பட்டையின்மேல் கறுப்பில் 7 என்ற எண் தெரிய வேண்டும். உட்புறத்தில் எந்த வரிசையில் அடிப்பீர்கள்? 7ஐ எப்படி எழுதுவீர்கள்?

விடை: முதலில் கறுப்பு, அடுத்து மஞ்சள், கடைசியில் சிவப்பு. எண்ணை இடவலம் மாற்றி எழுத வேண்டும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே பட்டையின் மேல் மட்டும் வெள்ளை ஒரு கோட் அடிப்பேன் என்று சொன்னவருக்குக் கூடுதல் மதிப்பெண். மெல்லிய மஞ்சளுக்குப் பின்னால் நேராகச் சிவப்பு வந்தால், உங்கள் பட்டை ஆரஞ்சாகத்தான் தெரியும்!